அப்பாவின் அச்சும் என் அச்சும்

போன ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டிலிருந்து என் தங்கை மகன் வந்திருந்தான். பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யப் போகிறானாம். 2019இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 கடைசியில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தது. தாம்பூலப் பை, கடைப் பை என்று இப்போது நல்ல கிராக்கி என்றான். யோசனை தப்பில்லை.

"மாமா, மேஜை, மை, ஸ்குவீஜி எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுட்டேன். ஸ்கிரீன் ரெடிமேடா ஆன்லைன்ல மலிவா வருது. ஆறு வாங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. பரணில் இருந்த பழைய சட்டங்களை இறக்கச் சொன்னேன். அவனிடம் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1983ஆம் வருஷம். அப்போது எங்கள் தேவிகாபுரம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம்தான். எங்கள் வீட்டில் இரண்டு தறிக்குழி. ஒன்றில் அப்பா. இன்னொன்று எனக்கென்று போட்டது. பத்தாவது முடித்ததும் அதில் நாலு வருஷம் உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்தேன். மனசு ஒட்டவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் தூரத்து உறவினர் ஒருவர் சின்ன அச்சகம் வைத்திருந்தார். அங்கே போய் ஆறு மாதம் ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொண்டு வந்தேன். ஊரில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு அடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பிக்கை. அப்பா திட்டவில்லை. ஆனால் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசம்.

கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதி மைக்கும் மேஜைக்கும் போய்விட்டது. மிச்சத்தில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் துணி கட்டிய சட்டம் ஐந்து மலிவாகக் கிடைத்தது. வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். 'சட்டம்தானே, நாலு கட்டையும் ஒரு வலையும்' என்று நினைத்த வயசு அது.

முதல் ஆர்டர் பக்கத்துத் தெருவில் ஒரு கார்த்திகை மாதக் கல்யாணம். 300 பத்திரிகை, சிவப்பும் பச்சையுமாக இரண்டு கலர். ஐப்பசி அடைமழை. முதல் நாள் சிவப்பு அடித்துக் காயவைத்தேன். மறுநாள் பச்சை அடிக்க உட்கார்ந்தால் எதுவும் எதன் மேலும் உட்காரவில்லை. பூவை விட்டு இலை ஒரு அரிசி அகலம் தள்ளி நிற்கிறது. நகர்த்தி நகர்த்தி அடித்ததில் மாப்பிள்ளை பெயரே இரண்டிரண்டாகத் தெரிந்தது. 300 பத்திரிகையும் வீண். முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது.

ராத்திரி பத்து மணிக்குத் திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து சட்டத்தைக் கையில் எடுத்தார். கிழக்கும் மேற்கும் திருப்பிப் பார்த்தார். விரலால் துணியைச் சுண்டினார்.

"என்னடா இது, தொட்டில் மாதிரி தொங்குது? பாவு இப்படித் தொய்ஞ்சா புடவை வருமா?"

ஈரத்தில் நைலான் துணி தளர்ந்திருந்தது. ஆணி அடித்த மூலைகளில் பச்சை மரம் முறுக்கிக்கொண்டு, தரையில் வைத்தால் ஒரு கால் குட்டையான பெஞ்சு போல ஆடியது. துணியிலும் இழை சட்டத்துக்கு நேராக ஓடவில்லை. கோணலாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆறு மாதம் படித்தவன் கண்ணில் படாதது அவர் கண்ணில் அரை நிமிஷத்தில் பட்டது.

காலையில் எழுந்து பார்த்தால் ஆசாரி வந்திருக்கிறார். என் தறியின் மரங்கள் பிரித்துத் திண்ணையில் கிடக்கின்றன. "நாப்பது வருஷம் காஞ்ச மரம். இனிமே முறுக்காது" என்றார் அப்பா. அவ்வளவுதான். நான் திரும்பி வந்து உட்காருவேன் என்று அதுவரை அந்தத் தறியைத் துடைத்து வைத்திருந்தவர் அவர். அன்றைக்கு எனக்குப் பேச வாய் வரவில்லை.

ஆசாரி ஆணியை நம்பாமல் மூலைகளைத் துளையிட்டுப் பொருத்தி நாலு சட்டம் செய்தார். நான் சென்னைக்குப் போய் மீட்டர் கணக்கில் துணி வாங்கி வந்தேன். கடைக்காரர்கள் அதை போல்டிங் துணி என்பார்கள். மாவு சலிக்க நெய்த துணியாம், அதனால் அந்தப் பெயர். நம்பர் பார்த்து வாங்க வேண்டும். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை இழை என்பதுதான் அந்த நம்பர். துணிப்பைக்கு மை நிறைய இறங்க வேண்டும். 40 முதல் 60 வரை போதும். வழவழ அட்டையில் பொடி எழுத்து விழ 100, 120 வேண்டும். அப்பாவுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. நெசவில் இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்புக்கும் அச்சு என்றுதான் பெயர்; அதற்கும் நம்பர் உண்டு. "உன் அச்சுக்கும் நம்பர் இருக்குதா?" என்று கேட்டுச் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சிரித்தது அப்போதுதான்.

கட்டியதும் அவர்தான். நைலானை நனைத்து, இழை சட்டத்துக்கு நேராக ஓடும்படி வைத்து, ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு முளையாணி, எதிர்ப்பக்க நடுவில் ஒன்று, பிறகு மற்ற இரண்டு பக்கம். நடுவிலிருந்து மூலைக்கு மெல்ல மெல்ல இழுத்துப் போக வேண்டும். ஆணித் தலை துணியைக் கிழிக்காமல் அடியில் நாடா. காய்ந்ததும் சுண்டினால் உடுக்கை போல் சத்தம் வந்தது.

அதன் மேல் எமல்ஷன் பூசி இருட்டில் காயவைத்து, எழுத்துப் படிவத்தை வைத்துக் கண்ணாடி அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகும். எழுத்து மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து வழிவிடும். என்னிடம் விளக்கு கிடையாது. சூரியன்தான். மூன்று நாள் எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் கனககிரி மலை மேல் வெயில் தெரிந்ததும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். பத்திரிகை முகூர்த்தத்துக்கு எட்டு நாள் முன்னால் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பூவும் இலையும் ஒட்டி நின்றன.

வாங்குவது பாதிதான், வைத்துக்கொள்வது மீதி. அதையும் பட்டுத்தான் கற்றேன். ஒரு பங்குனி உத்திரத்தன்று பெரியநாயகி அம்மன் கோயிலில் மேளச் சத்தம் கேட்டதும் மை பூசிய ஸ்கிரீனைக் கழுவாமல் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் அடைத்து மை இறுகிவிட்டது. எவ்வளவு மண்ணெண்ணெய் ஊற்றியும் பயனில்லை. நல்ல 120 துணி ஒன்று போயிற்று. பழைய எமல்ஷனைக் கரைக்க பிளீச்சிங் பவுடர் போடுவோம். அவசரத்தில் ஊறவிட்டு மறந்தால் நைலான் இழையே இற்றுவிடும். பாலியெஸ்டர் துணிக்குக் காஸ்டிக் சோடா ஆகாது. எமல்ஷனில் சேர்க்கும் பைகுரோமேட் விரலை மஞ்சளாக்கிப் புண்ணாக்கும். கையுறை போடாமல் செய்த வருஷங்களின் தழும்பு இன்னும் இருக்கிறது.

வேலை முடிந்த கையோடு இரண்டு பக்கமும் துடைப்பது, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் நிமிர்த்தி வைப்பது, நகம், மோதிரம் படாமல் எடுப்பது, எலி வராத இடத்தில் வைப்பது. இவ்வளவுதான் பராமரிப்பு. அந்த நாலு சட்டமும் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தன. துணி மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். சட்டத்தில் துணி கட்டி அச்சடிக்கும் முறைக்கு 1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் காப்புரிமை வாங்கினாராம். அவர் கட்டியது பட்டுத்துணி. சில்க் ஸ்கிரீன் என்ற பெயரே அதனால்தான். அப்பாவிடம் சொன்னேன். பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டே, "அப்போ நம்ம தொழில்தான்னு சொல்லு" என்றார்.

தங்கை மகனிடம் இதுதான் சொன்னேன்: "ஆறு வேண்டாம்ப்பா. மூணு வாங்கு, நல்லதா வாங்கு. இப்ப அலுமினியச் சட்டம் வருது, முறுக்காது. பைக்கு ஏத்த நம்பர்ல பாலியெஸ்டர் துணி கட்டச் சொல்லு. வாங்கறதுக்கு முன்னாடி சுண்டிப் பாரு, இழை நேரா இருக்கான்னு பாரு. மிச்சக் காசை எமல்ஷனுக்கும் கையுறைக்கும் வை."

பரணிலிருந்து இறக்கிய நாலில் மூன்றை அவனுக்கே கொடுத்துவிட்டேன், கையால் கட்டிப் பழகட்டும் என்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதிய 120 இன்னும் அழியவில்லை.