இம்மானுவேல்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் மாதத்தில் அதுபற்றிய கட்டுரை ஒன்று நம் இதழில் வெளிவருவது வழக்கம். இவ்வாண்டு அப்பணி எங்களிடம் வந்து சேர்ந்தது. நட்சத்திர விளக்கையும் பலகாரத்தையும் பற்றி எழுதும் எண்ணத்துடன்தான் அமர்ந்தோம். ஆனால் வித்துரா மலைமேல் ஓர் ஆச்சி எங்களைக் கேட்ட கேள்வி குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதை விடுத்து வேறொன்றை எழுத மனம் ஒப்பவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகச் செல்லும் பாதையில் உள்ள சிற்றூர் வித்துரா. பொன்முடிக்குப் போவோர் அங்கே தேநீர் அருந்திவிட்டு, கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்வர். அவ்வூருக்கு மேலே பொன்முடிப் பக்கமும் போனக்காட்டுப் பக்கமும் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அவற்றில் கொழுந்து கிள்ளுவதற்கென்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளுக்கு முன்னரே தெற்கத்திச் சீமையிலிருந்து மலையேறின. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. நேற்றுவரை ஒரே நாட்டினராய் இருந்த உறவினர் அன்று இரு மாநிலத்தார் ஆயினர். இன்று லயங்களில் வாழும் பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கின்றனர். வீட்டில் அழுவதும் சிரிப்பதும் தமிழில்தான்.

2019 டிசம்பரில் நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த பதினாறு பேர் இரண்டு ஜீப்புகளில் அம்மலைக்குச் சென்றோம். எங்களுள் எல்லோரும் கிறிஸ்தவர் அல்லர்; ஆர்மோனியம் வாசித்த நண்பரே முருக பக்தர். கேக்கும் கம்பளிப் போர்வைகளும் கொண்டு சென்றோம். நாங்கள் சென்ற தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அங்கே வேலை நின்று நெடுநாள் ஆகியிருந்தது, கூலியும் நின்றிருந்தது. கிள்ளாமல் விட்ட தேயிலைச் செடி மரமாக வளர்ந்துவிடும் என்பதை அங்கேதான் முதன்முதலாகக் கண்டோம். இடுப்பளவில் நிற்க வேண்டியவை தலைக்குமேல் உயர்ந்து இருண்டு நின்றன. லயத்தின் ஒரு கோடியில் மாரியம்மன் பீடம். மறுகோடியில், ஈரப் பாசியையும் தேயிலைச் சுள்ளிகளையும் கொண்டு பிள்ளைகள் கட்டிய பாலன் குடில்.

பாடி முடித்தபின் எங்களில் ஒருவர் ‘இம்மானுவேல்’ என்னும் எபிரேயச் சொல்லை விளக்கினார். கடவுள் நம்மோடு இருக்கிறார் என்பது அதன் பொருள். ஆகவே நீங்கள் தனித்தவர் அல்லர் என்று உருக்கமாகவே பேசினார். அப்போது மாரியம்மன் பீடத்தில் விளக்கேற்றிவிட்டு வந்து அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர், கையிலிருந்த போர்வையை மடித்தவாறே சொன்னார்:

“கடவுள் கூடவே இருக்காருன்னு சொல்லுதீங்க, ஐயா. நல்லதுதான். ஆனா நீங்கல்லாம் டிசம்பர்லதான வாறீங்க? கர்க்கடகத்துல ராத்திரி பூரா மழை கொட்டும்போ, மேல இருந்து மண்ணு எப்ப இறங்குமோன்னு முழிச்சுக் கெடக்கோம். அப்ப யாரு கூட இருக்கா?”

சினத்துடன் கேட்டாரல்லர், மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். எங்களுக்கு விடை வரவில்லை. திரும்பும் வழியில் ஜீப்பிற்குள் வாதம் மூண்டது. ஆச்சி கேட்டது கடவுளைப் பற்றியன்று, நம்மைப் பற்றியே என்றார் ஒருவர். இரண்டும் ஒன்றுதான் என்றார் மற்றொருவர். நெடுமங்காடு வரும்வரை அது ஓயவில்லை.

எட்டு மாதங்கள் சென்றன. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த ராஜமலைப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள்மேல் விழுந்தது. எழுபது உயிர்கள் போயின. அவர்களும் தேயிலைத் தொழிலாளர். கயத்தாறு வட்டாரத்தில் வேர் கொண்ட தமிழ்க் குடும்பத்தினரே மிகப் பலர். அச்செய்தியைக் கேட்ட நாளில் எங்கள் வீடுகளில் ஆச்சியின் பேச்சே மீண்டும் மீண்டும் எழுந்தது. நோய்த்தொற்றுக் காலமாதலால் மலைக்குச் செல்லவும் இயலவில்லை. ஆச்சியின் பேரன் சாலை வளைவு ஒன்றில் ஏறி நின்றால்தான் தொலைபேசி எடுக்கும். “இருக்கோம்” என்ற ஒரு சொல் வரும்வரை இரண்டு நாள் காத்திருந்தோம். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்குப் பாடற்குழுவும் இல்லை.

நிற்க. அந்நாட்களில் வேத புத்தகத்தைப் புரட்டியபோது, நாங்கள் இத்தனை காலம் கவனியாதிருந்த ஒன்று கண்ணில் பட்டது. ‘இம்மானுவேல்’ என்னும் சொல் முதலில் பிறந்தது விழா மேடையில் அன்று. எருசலேமின்மேல் இரு நாட்டு அரசர் சேர்ந்து படையெடுத்து வந்தபோது, ஆகாஸ் என்னும் மன்னனும் அவன் மக்களும் நடுங்கிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் ஏசாயா தீர்க்கதரிசி கூறிய சொல் அது. அச்சத்தின் நடுவே சொல்லப்பட்டதை மத்தேயு எடுத்துப் பிள்ளைக்குச் சூட்டினார். பெத்லகேமிலும் நற்செய்தி முதலில் எட்டியது, இரவில் உறங்காமல் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த ஆயர்களுக்கு. அவர்களும் வெட்டவெளியில் விழித்திருந்தவர்கள். குடிமதிப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த தம்பதியருக்குச் சத்திரத்தில் இடமில்லை. பின்னர் அக்குடும்பம் எகிப்துக்கே ஓட நேர்ந்தது. பிழைக்க ஊர் விட்டு வந்த நாம் இக்கதையை ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆயினும் நம் காதில் மணியோசை விழுந்த அளவுக்கு அந்த இரவின் குளிர் உறைக்கவில்லை போலும்.

2022-ஆம் ஆண்டு கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், எங்களில் நால்வர் மீண்டும் மலையேறினோம். பதினாறு பேரில் நால்வர். அலுவலும் உடல்நலமும் மற்றவரைத் தடுத்தன. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆர்மோனியம் கொண்டு செல்லவில்லை. தார்ப்பாய், அரிசி, டார்ச் விளக்குகள், அட்டைக்கு உப்பு, இவையே சுமை. அன்று இரவு ஐந்து குடும்பங்கள், சுவர் உறுதியாக இருந்த ஒரே வீட்டில் கூடியிருந்தன. அவித்த மரச்சீனியும் கட்டன் சாயாவும் கொடுத்தனர். தகரக் கூரைமேல் மழை விழும் ஓசையில் அருகிலிருப்பவர் பேசுவதும் கேட்கவில்லை. வேத வசனம் சொல்லலாமா என்று எங்களுள் ஒருவர் எண்ணியிருந்தார்; எண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மழைக்கு அஞ்ச வேண்டா என்றார் ஆச்சி. ஓடைச் சத்தம் கேட்கும்வரை பயமில்லை. மழை குறையாதபோதே ஓடைச் சத்தம் திடீரென அடங்கினால், மேலே எங்கோ மண் சரிந்து நீரை அடைத்துக்கொண்டது என்று பொருள். உடனே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாறைமேட்டுக்கு ஓட வேண்டும். தெளிந்து வந்த ஊற்று கலங்கி வந்தாலும் அப்படியே. இதைக் கேட்பதற்காகவே ஆண்டாண்டுதோறும் அவர் அம்மாதம் முழுவதும் விழித்திருக்கிறார்! கணவர் இருந்தவரை முறை மாற்றிக் காவலிருந்தனராம்.

இரவு ஒரு மணி இருக்கும். ஆச்சி எங்கள் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். “நான் கொஞ்சம் கண்ணசருதேன். நீங்க ஓடையைக் கேட்டுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, 2019-இல் நாங்கள் கொடுத்த அதே போர்வையைப் போர்த்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தார். சற்று நேரத்தில் உறங்கியும் போனார். நாங்கள் நால்வரும் பின்வாசலில் அமர்ந்து ஓடையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எத்தனையோ ஆராதனைகளில் கண்ணயர்ந்த பழக்கமுடையவர்கள் நாங்கள். அன்று இமை மூடவில்லை. விடியும்வரை ஓடை ஒலித்துக்கொண்டே இருந்தது.

இவ்வாண்டும் டிசம்பர் 23-ஆம் நாள் மலைப் பயணம் உண்டு. வர விரும்புவோர் பெயரைப் பதிவதற்குச் சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். டிசம்பர் பக்கத்தில் முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்துவிட்டன; மூன்றாவது ஜீப் பேச வேண்டும். அடுத்த பக்கத்தின் தலைப்பில் ‘கர்க்கடகம்’ என்று எழுதியிருக்கிறது. அதில் இதுவரை ஆறு பெயர்கள்.