இரண்டாவது டம்ளர் மோர்

சிங்கப்பூரின் சாங்கியில் நாங்கள் படகைக் கட்டிவைக்கும் மிதவை கடலோடு சேர்ந்து ஏறும், இறங்கும். கரையிலிருந்து அதற்குப் போக ஒரு சரிவுப் பாலம் இருக்கிறது. ஏற்றத்தின்போது அது வீட்டுத் திண்ணைபோலச் சமமாகக் கிடக்கும். வற்றத்தின்போது பார்த்தாலே முழங்கால் வலிக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இங்கே நீர்மட்டம் கிட்டத்தட்ட 3 மீட்டர் மாறும். ஒரு மாடி உயரம்.

வாடகைக்கு எடுக்கும் உல்லாசப் படகை ஓட்டுவது என் தொழில். காலையில் ஏற்றிக்கொண்டு போய் மாலையில் இறக்கிவிடும் ஒருநாள் பயணங்கள். வருகிறவர்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது படகு எத்தனை அடி, ஏர்கான் உண்டா, பாட்டுப் பெட்டி எப்படி என்பதைத்தான். பாலத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நானும் ஒரு காலத்தில் அதை நினைக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்தை நடுப்பகல் வற்றத்தில் ஏற்றினேன். எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர், பட்டுப்புடவை, இரண்டு பக்கமும் மகன்கள். பாலத்தின் பாதியில் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. எப்படியோ இறக்கிவிட்டோம். படகில் நல்ல சாப்பாடு இருந்தது, வெள்ளைத் தோல் இருக்கை இருந்தது. அந்த அம்மா போய் உட்கார்ந்த இடத்திலிருந்து மாலைவரை எழவில்லை. சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கரையேறிய பிறகு மருமகள் என்னிடம் சொன்னார்: “திரும்ப அதுல ஏறணுமேன்னு நாள் பூரா அதே நெனப்பு அண்ணே அவங்களுக்கு.” ஏற்ற இறக்க அட்டவணை அன்றும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நங்கூரம் போடும் ஆழத்துக்கு மட்டும் அதைப் பார்த்திருந்தேன். ஏறி இறங்கும் காலுக்குப் பார்க்கவில்லை.

என் ஆச்சி நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர். 1926இல் கட்டிய கப்பல் அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு தமிழர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றி இறக்கியது. ஆச்சி வந்தது மேல்தளப் பயணியாக. ஒரு பாய் விரிக்கும் இடம், பக்கத்தில் தகரப் பெட்டி, தலைக்கு மேல் கித்தான். கடல் எப்படி இருந்தது என்று சின்ன வயதில் நான் கேட்டால் அலையைப் பற்றிச் சொல்லமாட்டார். கழிவறைக்குப் போக ஆட்களைத் தாண்டித் தாண்டிப் போகணும், பெண்பிள்ளைகளுக்குக் கூச்சம், அதனால் தண்ணீரே குடிக்காமல் கிடந்தோம் என்பார். இறங்கும்போது உதடு வெடித்திருந்ததாம்.

அதைக் கதையாகத்தான் கேட்டிருந்தேன். படகுத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அது இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது. இன்றும் நம் வீட்டுப் பெண்கள் படகில் ஏறினால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். கழிவறை எங்கே, கதவு தாழ்ப்பாள் சரியாக இருக்குமா, விசையை எப்படி அழுத்துவது, சத்தம் வெளியே கேட்குமா, இதையெல்லாம் யாரிடம் கேட்பது? மூன்று மணிக்குத் தலைவலி வரும். வெயில் என்பார்கள். பாதி வெயில், மீதி தாகம்.

அதனால் ஏறியதும் பாதுகாப்பு அங்கியைக் காட்டிவிட்டு, அடுத்ததாகக் கழிவறையைக் காட்டுகிறோம். எங்கள் படகில் வேலை செய்யும் பெண் ஒருவர் பெண்களைத் தனியாக அழைத்துப்போய் விசையை அழுத்திக் காட்டுவார். தரை காய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் போய்வந்த பின்னும் துடைக்க வேண்டும். ஒரு படகு உண்மையிலேயே சொகுசானதா என்று என்னிடம் கேட்டால், மதியம் மூன்று மணிக்கு அதன் கழிவறைத் தரையைப் பார்க்கச் சொல்வேன்.

போன பிப்ரவரியில் வந்த ஒரு குடும்பத்தின் நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். மகன் கேட்டது காலை பத்திலிருந்து மாலை ஆறுவரை. பௌர்ணமி நாள். அட்டவணையைப் பார்த்தேன். ஏற்றம் பத்தே முக்காலுக்கு, வற்றம் நாலே முக்காலுக்கு. ஏறுவதற்கு அருமையான நேரம். ஆறு மணிக்கு இறங்கினால் பாலம் இன்னும் செங்குத்தாகத்தான் இருக்கும். “ராத்திரி எட்டு மணிக்கு இறங்கலாம், கூடுதல் காசு வேண்டாம்” என்றேன். எட்டு மணிக்குத் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருக்கும். அவருக்குக் காரணம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், “அம்மாவுக்காகவா அண்ணே?” என்றார்.

உபின் தீவின் தென்கரையை ஒட்டி நங்கூரம் போட்டோம். எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. எங்களுக்கு மேற்கே ஜொகூர் நீரிணையின் குறுக்கே 1924இல் திறந்த கடற்பாலம் தண்ணீரை அடைத்துக்கொண்டு நிற்பதால், இந்தப் பக்கத்து நீர் வற்றும்போது கிழக்கே ஓடும், ஏறும்போது மேற்கே வரும். நங்கூரத்தில் நிற்கும் படகு நீரோட்டத்தை எதிர்த்து மூக்கை நீட்டும். ஆக, மதியம் முழுக்க எங்கள் அணியம், அதாவது படகின் மூக்கு, மேற்கே பார்த்திருந்தது. சாயும் வெயிலை முன்பக்கத்து அறை வாங்கிக்கொண்டது. பின்பக்கம், அமரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நல்ல நிழல். ஆனால் நாலே முக்காலுக்கு ஓட்டம் நின்று திரும்பும். படகும் மெல்ல முழுவட்டத்தில் பாதி சுற்றும். அதுவரை நிழலாக இருந்த அமரம் நேர் வெயிலுக்குப் போய்விடும். நாலரைக்கே மெத்தைகளையும் பாட்டியின் நாற்காலியையும் அணியத்துப் பக்கம் கூரைக்கடியில் மாற்றிவிட்டோம். ஏன் மாற்றினோம் என்று யாரும் கேட்கவில்லை. வெயில் அவர்கள் முகத்தில் படவே இல்லை, அதனால் கேட்கத் தோன்றவும் இல்லை. சிங்கப்பூரில் உச்சிவெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒரு மணியைத் தாண்டித்தான் என்பதையும் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 1982இல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்கு வெயில் தாமதம்.

நங்கூரம் பிடித்ததும் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவேன். ஏர்கானும் நின்றுவிடும். சிலர் முகம் சுளிப்பார்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள் என்பேன். வாடைக்காற்று அடிக்கும் மாதத்தில் காற்றுக்குத் திறந்த இடத்தில் நிறுத்தினால் விசிறிகூட வேண்டாம். முதலில் ஒரு மௌனம் வரும். அப்புறம் படகின் வயிற்றில் தண்ணீர் தட்டும் சத்தம், உபின் மரங்களில் இருவாட்சியின் கரகரப்பு. நடுநடுவே சாங்கி விமான நிலையத்திலிருந்து விமானம் எழும்பும். வாடைப் பருவத்தில் காற்றை எதிர்த்து வடக்கு நோக்கித்தான் கிளம்பும், அந்தச் சத்தம் எங்களுக்குத்தான். அதை நான் மாற்ற முடியாது. டீசல் புகையை நிறுத்த முடியும், நிறுத்துகிறேன்.

சாப்பாட்டில் நான் பிடிவாதக்காரன். சாங்கி வில்லேஜ் உணவங்காடியின் நாசி லெமாக் வேண்டும் என்று நிறையப் பேர் கேட்பார்கள். நல்ல சாப்பாடுதான், கரையில் சாப்பிடுங்கள் என்பேன். தேங்காய்ப்பாலும் பொரித்த கோழியும் ஆடும் படகில் வயிற்றைப் புரட்டும். முந்தின நாள் தேக்கா சந்தையில் இஞ்சி, கறிவேப்பிலை, எலுமிச்சை வாங்குகிறேன். எலுமிச்சை சாதம், தயிர்சாதம், நார்த்தங்காய், வெட்டிய கொய்யா, ஐஸ் பெட்டியில் நீர்மோர். இஞ்சி தட்டிப் போட்ட மோர் கடலில் மருந்து.

நாலு மணிக்கு மேல் உபினின் கிழக்கு முனையில் சேக் ஜாவா தெரிய ஆரம்பித்தது. மணல்திட்டும் கடற்புல்லும் தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல எழுந்து வரும் இடம். 2001இல் அதை மண்கொட்டி நிரப்ப இருந்தார்கள், அந்த டிசம்பரில் அது தள்ளிவைக்கப்பட்டது. பக்கத்தில் போகவில்லை, தொலைநோக்கியைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். 1930களில் கட்டிய ஆங்கிலேய பாணி வீடு ஒன்று அங்கே உண்டு, உள்ளே குளிர்காயும் அடுப்புகூட இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் எதற்குக் குளிர்காயும் அடுப்பு என்று பெரியவன் கேட்டுக்கொண்டே இருந்தான். விளக்கவுரை ஒலிபெருக்கி எங்கள் படகில் கிடையாது. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சும்மா இருப்பேன்.

இத்தனைக்கும் பெரிய படகு வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சாங்கி முனையிலிருந்து உபினுக்குப் போகும் மரப்படகில் ஆளுக்கு 4 வெள்ளி, பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும். வயதான அப்பா அம்மாவோடு போகிறவர் பன்னிரண்டு பேர் காசையும், 48 வெள்ளியை, தானே கொடுத்துவிட்டு, ஏற்ற நேரமாகப் பார்த்து, யார் நெருக்கலும் இல்லாமல் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால் அதுவும் சொகுசுப் பயணம்தான் என்பேன். என் முதலாளிக்கு இது பிடிக்காது.

இன்னொரு சொகுசு, போகாமல் இருப்பது. மேற்கிலிருந்து விடியற்காலையில் ‘சுமத்ரா’ சூறைக்காற்று வரும் மாதங்களில் வானம் கறுத்தால் பயணத்தை நானே நிறுத்திவிடுவேன். பணத்தைத் திருப்பித் தருவதற்கும் பயந்தவர்களை ஏற்றிக்கொண்டு போவதற்கும் நடுவே எனக்கு யோசனையே இல்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். ஏழேகாலுக்குச் சூரியன் மறைந்தது. ஓட்டம் திரும்பியிருந்ததால் அணியம் இப்போது கிழக்கே பார்த்திருந்தது. கூரைக்கடியில் நாற்காலியில் இருந்த பாட்டிக்கு நேர் எதிரே நிலா எழும்பியது, முதலில் செம்பு நிறத்தில். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். பாட்டி என்னைப் பார்த்துக் காலி டம்ளரை நீட்டினார்.

“தம்பி, இன்னும் கொஞ்சம் மோர் இருக்கா?”

“இருக்கும்மா.”

ஊற்றினேன். முழு டம்ளரையும் குடித்தார். பிறகு தானே எழுந்து, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, கழிவறைக்குப் போய்வந்தார். நான் எஞ்சினைக் கிளப்பினேன். எட்டு மணிக்கு மிதவையை அடைந்தபோது பாலம் பாதிக்கும் குறைவான சரிவில் இருந்தது. பேத்தியின் தோளில் ஒரு கை வைத்து, பேசிக்கொண்டே ஏறிப் போனார்.