கடைசிக் குழாய்

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எலக்ட்ரிக்கல் கடையில் போய் ஸ்பீக்கருக்கு வயர் வேண்டும் என்று சொன்னால், கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை மீட்டர்?" என்றுதான். அடுத்து, "ஒண்ணா, ஒண்ணரையா, ரெண்டரையா?" கம்பெனிப் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். எந்த ஸ்பீக்கர் வயர் உசத்தி என்று உலகம் முழுக்க நடக்கும் வாதங்களை நான் பல காலமாக ஆசையோடு படித்து வருகிறேன். முதல் கேள்வியை எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் அளவுக்குச் சரியாகக் கேட்டவர்கள் அதில் குறைவு.

ரெண்டரை என்பது இரண்டரை சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி. நூறு மீட்டருக்கு அதன் மின்தடை 0.8 ஓமுக்குள் அடங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் என்றால், போக ஐந்து வர ஐந்து, மொத்தம் 10 மீட்டர். தடை ஏறக்குறைய 0.08 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது நூற்றில் ஒரு பங்கு. ஒலியில் குறைவது ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செம்பை விட்டு வெள்ளிக்குப் போனால் தடை இன்னும் ஐந்தாறு சதவீதம் குறையும். அந்தக் குறைவைச் செம்புக் கம்பியைக் கொஞ்சம் பருமனாக எடுத்தே பெற்றுவிடலாம்.

1970களின் கடைசியில் அமெரிக்காவில் நோயல் லீ என்ற பொறியாளர் 'மான்ஸ்டர் கேபிள்' என்று ஒன்றை விற்கத் தொடங்கும்வரை, அங்கேயும் மேசை விளக்குக்குப் போடும் சாதாரண வயரைத்தான் ஸ்பீக்கருக்கும் போட்டார்கள். வயருக்கென்று தனி வியாபாரமும் தனி விலையும் அதன் பின்னால் வளர்ந்தவை. 2007இல் மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலை சொல்லப்பட்ட ஒரு ஜோடி வயரைச் சாதாரண வயரிலிருந்து காதால் மட்டும் பிரித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நாங்கள் செய்து பார்த்தோம். வெளிநாட்டு வயர் ஒன்று, வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ரெண்டரை ஒன்று, ஸ்பீக்கர் பெட்டியோடு சும்மா வந்த மெல்லிய வயர் ஒன்று. நண்பரின் மகள் எங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டாள். கேட்டது நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய தோடிப் பதிவும், அண்மைக்காலத் தவில் தனி ஒன்றும். முதல் இரண்டு வயருக்கும் வித்தியாசம் என் காதுக்கும் தெரியவில்லை, நண்பர் காதுக்கும் தெரியவில்லை. மூன்றாவது தெரிந்தது. தவிலின் வலந்தலை, கூடு மாட்டிய விரல்கள் பொரியும் அந்தப் பக்கம், அப்படியே இருந்தது. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் கட்டுத் தளர்ந்து ஒலித்தது. காரணம் இருக்கிறது. ஸ்பீக்கரின் எட்டு ஓம் என்பது சராசரிக் கணக்கு. கீழ் ஸ்வரங்களில் சில இடத்தில் அது பல மடங்கு ஏறும், வேறு இடத்தில் நாலுக்கு இறங்கும். நடுவில் ஒரு தடை நின்றால் இந்த ஏற்ற இறக்கம் ஒலியிலும் படியும், ஸ்பீக்கரின் அசைவை ஆம்ப்ளிஃபயர் பிடித்து நிறுத்தும் பிடியும் நழுவும்.

தோடிப் பதிவில் மூன்று வயருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 78 சுழற்சி இசைத்தட்டில் ஏறியதே கொஞ்சம். அதைக் கொண்டுவர எந்தக் கம்பியும் போதும். ஆனால் அந்த நாயனம் என்னை அன்று வேறெங்கோ இழுத்துப் போனது. திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உயர்ந்தது, தேரோடும் வீதியில் முன்னால் போகும் கூட்டத்துக்கும் பின்னால் வரும் கூட்டத்துக்கும் சேரக் கேட்பது. ராஜரத்தினம் நீண்ட பாரி நாயனத்தை எடுத்துச் சுருதியை இறக்கினார். செய்துகொடுத்தது திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தில் அங்கே கடையும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒலி எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்தக் குரலில் போக வேண்டும் என்ற யோசனை காவிரிக் கரையில் வயர் வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

பாபநாசம் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு வந்த மைக் செட்காரரிடம்தான் தூரத்தின் கணக்கை நான் முதலில் பார்த்தேன். அம்மன் கோயில் திருவிழா என்றால் மாட்டு வண்டியில் அகுஜா ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுத் தட்டுகள், வைக்கோல் மேல் கவிழ்த்த குழாய் ஸ்பீக்கர்கள், சுருள் சுருளாக முறுக்கு வயர் எல்லாம் வந்து இறங்கும். கோயில் பூவரசில் ஒரு குழாய், மேலத்தெரு முனைத் தென்னையில் ஒன்று, வாய்க்காலுக்கு அக்கரையில் ஒன்று, களத்து மேட்டில் கடைசியாக ஒன்று. வயர் மரத்துக்கு மரம் தாவி, வாய்க்காலைக் கடந்து, வைக்கோல் போரின் தலைக்கு மேல் போகும். எல்லாம் கட்டி முடிந்ததும் அவர் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்.

"தம்பி, களத்துக் கொழாய் எப்டி கேக்குதுன்னு ஓடிப் பாத்துட்டு வா."

நான் வரப்பில் ஓடுவேன். கோயிலடியில் இடியாக இருந்தது களத்து மேட்டில் முனகலாக இருக்கும். திரும்பி வந்து, "கம்மியா இருக்குண்ணே" என்பேன். அவர் ஆம்ப்ளிஃபயரைக் கூட்ட மாட்டார். கூட்டினால் கோயில் குழாய்தான் இன்னும் அலறும் என்பது அவருக்குத் தெரியும். கல்லணையில் எவ்வளவுதான் திறந்துவிட்டாலும் தலைஞாயிறுக்கும் வேதாரண்யத்துக்கும் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதானே கடைமடைக்காரரின் கேள்வி. அவருடைய கவலையும் அதுவே. ஒவ்வொரு குழாயின் யூனிட்டுக்கும் பின்னால் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தார். அதில் இணைப்பை மாற்றி முன் குழாய்களுக்குப் போவதைக் குறைத்து, கடைசிக் குழாய்க்குக் கூடுதலாக விடுவார். "இப்ப போய்ப் பாரு" என்பார். அந்த ஓட்டங்களைப் போல நான் கவனமாகக் கேட்டது வேறெப்போதும் இல்லை. ஒரு முழு ஊரின் காது என்னை நம்பி இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அந்த டிரான்ஸ்பார்மரின் தந்திரத்தைக் கல்லூரியில்தான் கணக்காகப் புரிந்துகொண்டேன். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் நேராக அனுப்ப வேண்டுமானால் வோல்ட் 28தான், ஆம்பியர் மூன்றரை. அதையே ஏற்றி 100 வோல்ட்டில் அனுப்பினால் ஒரு ஆம்பியர் போதும். வயர் தின்னும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே வயரில் இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். மேட்டூரிலிருந்து மின்சாரம் உயர்மின் அழுத்தத்தில் வருவதும் இதே கணக்கில்தான். மெல்லிய வயரில் அரை மைல் போகப் பாட்டுக்கு வழி கண்டவர்கள் அந்த மைக் செட்காரர்கள். அவர்கள் கையாண்ட பொறியியலைப் பற்றி யாரும் ஒரு புத்தகம் எழுதாதது எனக்குக் குறையாகவே இருக்கிறது.

ஸ்பீக்கர் வயரால் இந்த மண்ணில் நடந்த காரியங்களில் பெரியது எது என்று கேட்டால், நான் பாட்டைச் சொல்ல மாட்டேன். பஞ்சாயத்து ரேடியோவைச் சொல்வேன். அறைக்குள் பூட்டிய பெட்டி, வெளியே கம்பத்தில் குழாய், நடுவில் சில கஜம் வயர். 1939 மே மாதம் தொடங்கிய திருச்சி வானொலி, 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.டி.டி. 27 என்ற புது ரகத்தைப் பற்றி விடாமல் பேசியது. ஜப்பானிய ரகத்தையும் நம் ரகத்தையும் கலந்து உண்டாக்கிய, குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல். தஞ்சாவூர் அப்போது தீவிர வேளாண்மைத் திட்ட மாவட்டம். உரமும் கடனும் வந்துகொண்டிருந்தன. எந்த நாளில் நாற்று விடுவது, எப்போது உரம் வைப்பது என்பதைச் சாயங்காலம் ரேடியோ சொன்னது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு ஏ.டி.டி. 27 என்று சொல்லவில்லை, 'ரேடியோ நெல்' என்றார்கள். பேச்சாக வந்த ஒரு விதை வயலில் விளைந்தது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அந்தக் குழாயில் தொப்பியும் கேட்காது, தம்புராவும் கேட்காது. மனிதக் குரலின் நடுப்பகுதி மட்டும்தான் கேட்கும். நாற்று விட அது போதுமாக இருந்தது.

வயர் முடிந்த இடத்திலிருந்து காற்று எடுத்துக்கொண்டு போகும் தூரமும் டெல்டாவில் சாதாரணமில்லை. மார்கழி விடியலில் இரண்டு ஊர் தாண்டியிருக்கும் கோயிலின் திருப்பாவை வயல்மேல் தெளிவாக வரும். ஈர வயலை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்க, மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போவதால் மேலே போகும் அலை முந்திக்கொண்டு கீழ்நோக்கி வளைகிறது. குறுக்கே மலையும் இல்லை, மேடும் இல்லை. வெயில் ஏறியதும் இது தலைகீழாகி, அதே குழாய் அடுத்த தெருவுக்குக்கூடச் சரியாக எட்டாது. இரவில் ஒலி இவ்வளவு தூரம் போவதால், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறுவரை குழாயைக் கட்டுப்படுத்தும் 2000ஆம் ஆண்டு விதி வந்தது நியாயம்தான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் தூங்க வேண்டியவர்கள்.

வீட்டுக்கு வயர் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு ஸ்பீக்கருக்கும் ரெண்டரை செம்பு எடுங்கள், தேவைக்கு மேல் நீளம் விடாதீர்கள். பிறகு நுனியைப் பாருங்கள். நாகப்பட்டினத்து உப்புக் காற்றும் ஐப்பசி மழையின் ஈரமும் சேர்ந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். விலை உயர்ந்த வயருக்கும் அது பூக்கும். மைக் செட்காரர் தை பிறந்ததும் சுருள்களை வெயிலில் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு நுனியிலும் ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்து, புதுச் செம்பைச் சுரண்டி முறுக்கி, திருகை இறுக்கி வைப்பார். மாசி மகத்துக்குள் எல்லாம் தயாராகிவிடும்.