கிணறு என்னுடையது, தண்ணீர் யாருடையது?

எங்கள் வன்னியில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே நாவில் ஈரம் படும். வவுனிக்குளம், அக்கராயன்குளம், செட்டிகுளம், தண்ணிமுறிப்பு, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நெடுங்கேணி. எல்லாமே தண்ணீரின் பெயர்கள். ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கில்லை. மாரியில் பெய்வதைக் குளத்தில் மறித்து வைத்து, அடுத்த மாரி வரை பிழைக்க வேண்டும். அதனால்தான் குளத்தின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள் போலும்.

வவுனியா மாவட்டத்தில் என் ஊரும் ‘குளம்’ என்று முடிகிற ஊர்தான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய நாட்களில் நாங்களும் உடுத்த உடையோடு புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அகதி முகாமில் முதலில் எங்களை அழ வைத்தது பசியல்ல, தண்ணீர். நாங்கள் இருந்த இடத்துக் கிணறு உப்பு. தேநீர் வைத்தாலும் உப்பு, சோறு வடித்தாலும் உப்பு. பவுசர் வரும் நாளில் வாளியோடு ஓடுவோம். “எங்கட கிணத்துத் தண்ணியில ஒரு வாய் குடிச்சிட்டு மௌத்தாகினா போதும்” என்பார் உம்மா. அந்த ஆசை நிறைவேறாமலே அங்கேயே மௌத்தானார்.

2010 இல் ஊர் திரும்பினோம். வளவெல்லாம் காடு. கிணற்றுக்குள் மரமே முளைத்திருந்தது. மூன்று நாள் இறைத்துத் துப்புரவாக்கி, ஊறி வந்த முதல் வாளித் தண்ணீரைக் கையில் ஏந்தியபோது உம்மாவை நினைத்து அழுதேன். அல்ஹம்துலில்லாஹ், அதே இனிமை.

ஆனால் மனிதர் எவ்வளவு விரைவில் மறந்துவிடுகிறோம்! மகன் மோட்டர் பூட்டினான். வாழை வைத்தான். பின்னேரங்களில் மோட்டர் ஓடும். வாய்க்கால் நிறைந்து வழியும். நான் வராந்தாவில் இருந்து பார்த்து மகிழ்வேன்.

2017 இல் வடக்கெங்கும் கொடிய வறட்சி. ஒரு நாள் காலை பக்கத்து வளவு அக்கா வேலிக்கு அப்பால் நின்றார். தமிழ்க் குடும்பம், போரில் எல்லாவற்றையும் இழந்து, எங்களைப் போலவே திரும்பி வந்தவர்கள்.

“தங்கச்சி, எங்கட கிணறு வத்திப் போச்சு. குடிக்க ஒரு குடம் தருவியளோ?”

அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. முகாமில் வாளியோடு நின்ற என்னையே அந்த வேலியருகில் கண்டேன்.

அன்று இரவு மகன், “உம்மா, குழாய்க் கிணறு அடிப்போம். நமக்குத் தட்டுப்பாடே வராது” என்றான். மறுநாள் கமக்காரர் அமைப்பில் இருக்கும் ஒரு முதியவரிடம் கேட்டோம். அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. எங்கள் பக்கம் நிலத்தின் கீழ் கருங்கல். அதன் மேலே உக்கிய கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் படையில்தான் கிணற்றுத் தண்ணீர் நிற்கிறது. வேலி நிலத்துக்கு மேலேதான். கீழே வேலி கிடையாது. குளத்தில் தண்ணீர் நின்றால் அது கசிந்து எல்லாக் கிணற்றுக்கும் வரும். ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அயலில் இறங்கும். ஆழத் துளைத்தாலும் பாறை வெடிப்பில் அகப்படுவதுதான் கிடைக்கும். அதுவும் சில இடங்களில் கடினநீர்.

அக்காவின் கிணறு வற்றியதற்கு எங்கள் மோட்டர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மழை பொய்த்தது, குளமும் வற்றியது. ஆனாலும் வழிந்தோடிய அந்தத் தண்ணீருக்கு அல்லாஹ்விடம் நான் என்ன பதில் சொல்வேன்?

தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைத் தடுத்து வைக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒரு ‘முத்து’, அதாவது ஏறக்குறைய முக்கால் லீற்றர் தண்ணீரில் அவர்கள் வுழூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசுகிறோம்.

குழாய்க் கிணறு அடிக்கவில்லை. அந்த ஆண்டு வாழையில் பாதியைக் காய விட்டோம். மகனுக்கு மனத்தாங்கல்தான்; நட்டமும் உண்மை. ஆனால் அக்காவின் குடம் ஒரு நாளும் வெறுமையாகத் திரும்பவில்லை. அடுத்த மாரிக்கு முன் கூரையில் பீலி பூட்டி, மழைநீர்த் தாங்கி கட்டினோம். முதல் மழையில் கூரையைக் கழுவ விட்டு, பிறகு பிடிக்கும் நீரை மூடி வைத்து, குடிக்கவும் சமைக்கவும் எடுக்கிறோம். வவுனியாவில் பல குடும்பங்களை வாட்டும் சிறுநீரக நோய்க்குக் கடினநீரும் புளோரைட்டும் காரணமாகலாம் என்ற ஐயம் நீண்ட காலமாக உண்டு. அந்தப் பயத்துக்கும் இது ஆறுதல். வுழூச் செய்த நீர் தென்னைக்குப் போகிறது. குளக்கட்டில் சிரமதானம் என்றால் மகன் முதல் ஆளாகப் போகிறான்.

இரண்டு வளவுக்கிடையில் வந்ததுதான் இரண்டு மாவட்டங்களுக்கிடையிலும் வந்தது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுக்க 2010 இல் திட்டம் வந்தபோது, தங்கள் சிறுபோகம் போய்விடும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் அஞ்சினார்கள். யாழ்ப்பாணத்தாருக்கும் தாகம் உண்மை. அவர்களுடைய கிணறுகளில் நைத்திரேற்று. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே குளம் இருக்க, பெருஞ்செலவில் கடலிடம் போக வேண்டியதாயிற்று. ஒருவர் தாகத்தை மற்றவர் புரிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சகோதரிகளே, கிணறு நம் வளவில் இருக்கலாம். வெட்டிய கூலியும் நாம் கொடுத்திருக்கலாம். தண்ணீரை இறக்கியவன் அல்லாஹ். அதில் அயலாருக்கும், இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. இன்று மோட்டரை நிறுத்தப் போகும்போது ஒரு கணம் வேலிக்கு அப்பாலும் எட்டிப் பாருங்கள்.

உம்மா குடிக்காமல் போன அந்தத் தண்ணீரை அக்கா குடிக்கிறார். அதன் நன்மையை அல்லாஹ் என் உம்மாவின் கப்றுக்குச் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.