யாரோடு சாப்பிட்டே?

எங்கள் மங்கலம்பேட்டையில் வெளிநாடு என்றால் முன்பெல்லாம் ஆண்கள் போகிற இடம். சவுதி, குவைத், சிங்கப்பூர் என்று போவார்கள். சில வருடம் கழித்துப் போர்வையும் டேப் ரெக்கார்டருமாக வந்து இறங்குவார்கள். பிள்ளைகள் இங்கேயே வளர்ந்தார்கள். இன்றைக்கும் சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிறவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. துபாயில் மாதம் 4,000 திர்ஹம், கம்பெனியே வீடு கொடுத்தால் 3,000, சம்பளம் காட்டினால்தான் குடும்ப விசா. ஆனால் படித்துவிட்டுப் போகிற தலைமுறை பெண்டாட்டி பிள்ளைகளோடுதான் விமானம் ஏறுகிறது. திண்ணைப் பேச்சும் மாறிவிட்டது. "எவ்வளவு அனுப்பினான்?" என்று கேட்டவர்கள் இப்போது "பிள்ளை ஸ்கூல்ல ஒட்டிக்கிச்சா?" என்று கேட்கிறார்கள்.

என் பேரனும் அப்படிச் சிங்கப்பூர் போனவன்தான். ஏழு வயது ஆகிற வருடம் அங்கே தொடக்கநிலை ஒன்று. ஜனவரியில் பள்ளி திறக்கும். நம் ஜூன் கணக்கு செல்லாது. இங்கே வாய் ஓயாத பயல், அங்கே வகுப்பில் வாயே திறக்கவில்லை. மகள் போனில் அழுதாள். மருமகனோ சாயங்காலம் ஆனால் "இன்னைக்கு என்ன படிச்சே, டீச்சர் என்ன கேட்டாங்க" என்று விசாரணை வைத்தார். பையன் இன்னும் இறுகினான்.

நான் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவன். பொம்மை வார்க்க, களிமண் கரைசலை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம். வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்காது. உள்ளே அச்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும், ஓரத்தில் மண் தடித்துக்கொண்டிருக்கும். அது தானாகச் சுருங்கி அச்சை விடும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் பிள்ளையாரின் தும்பிக்கை அச்சோடு போய்விடும். புது மொழிக்குள் போகிற குழந்தைகள் சிலர் மாதக்கணக்கில் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, எல்லாத்துக்கும் உங்களுக்குப் பொம்மைதானா?" என்றாள்.

பிறகு அங்கேயே போய்ச் சில வாரம் இருந்தேன். காலையில் மலாய் மொழியில் தேசிய கீதம். இவன் முழிப்பானே என்று எனக்குக் கவலை. யோசித்தால், அங்கே பாடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலும் மலாய் கிடையாது. எல்லோரும் பள்ளியில்தான் கற்றுக்கொண்டார்கள். உண்மையான பரீட்சை கேன்டீனில். பிள்ளைகளே வரிசையில் நின்று, காசைக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்க வேண்டும். பல பள்ளிகளில் ஆரம்ப நாட்களில் பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்றைத் துணைக்குச் சேர்த்துவிடுகிறார்கள். இவனுக்கு வாய்த்தது ஒரு மலாய்ப் பையன். எந்தக் கடை, எந்தக் காசு என்று கையாலேயே காட்டிக் கொடுத்தானாம்.

ஆரம்பப் பள்ளி முடித்து விருத்தாசலம் ஹைஸ்கூலுக்கு பஸ் ஏறியபோது எனக்கும் அது வெளிநாடுதான். டவுன் பையன்கள் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நான் பெரிய வீரனாட்டம் "எனக்கு யாரும் வேண்டாம்" என்று வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். ஒருத்தன் வந்து "மாவடு இருக்கா?" என்றான். அவன் கேட்டது பசியிலா பரிதாபத்திலா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் அம்மாவிடம் இரண்டு மாவடு கூடுதலாகக் கேட்டேன்.

அதனால் மருமகனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். பாடத்தைக் கேட்காதீங்க, மாப்பிள்ளை. யாரோடு சாப்பிட்டான் என்று கேளுங்க. முதலில் ஒரு பெயர் வந்தது. அப்புறம் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் சிந்திய நூடுல்ஸ் கதை வந்தது.

வகுப்பில் அவன் முதலில் வாய் திறந்தது தமிழ்ப் பாடத்தில். அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பேச்சுத் தமிழையும் வகுப்பிலேயே பழக்குகிறார்கள். தமிழ் பேசியதற்கு அபராதம் வாங்கிய பள்ளிக்கூடத்தை நம் பக்கத்தில் பார்த்தவன் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அங்கே வருடக் கடைசியில்தான் நீண்ட விடுமுறை. போன தடவை வந்தவனைப் பரோட்டா கடைக்குக் கூட்டிப்போனேன். கல்லைச் சுற்றி ஆட்கள் மொய்த்துக்கொண்டிருக்க, இவன் "வரிசை எங்கே தாத்தா?" என்றான். எங்கேயும் இல்லை என்றேன். தானே ஒரு இடம் பார்த்து, காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் நான் நின்றேன். பரோட்டா கைக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று.