நடந்து போகும் தூரம்

நந்தனத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. சாமி பெயரும் துரை பெயரும் வைத்துக்கொண்ட பேட்டைகளுக்கு நடுவே, எங்கள் பேட்டைக்குத் தமிழ் வருஷத்தின் பெயர். 1952–53 நந்தன வருஷம். அப்போது முதன் மந்திரியாக இருந்த ராஜாஜி சூட்டிய பெயர் என்று சொல்வார்கள். பெயர் சூட்டியவர் ராஜாஜியானாலும் வாடகை என்னவோ வேறொருவருக்குத்தான் போகிறது!

படிப்புக்குக் குறைச்சலில்லாத பேட்டை இது. அரசாங்கக் கலைக் கல்லூரி இருக்கிறது. 1920-ல் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. தேகப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் சைதாப்பேட்டையில் வாத்தியார்களுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிற கல்லூரி இருக்கிறது. இவையெல்லாம் போக, எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடமும் இருக்கிறது. என் பிள்ளையோ காலை ஏழு பத்துக்கு வேனில் ஏறி, நாற்பது நிமிஷம் பிரயாணம் செய்து, அடையாறைத் தாண்டி எங்கேயோ படிக்கிறான். இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. 2025-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி சாயங்காலம் வரையில் நானும் நினைத்ததில்லை.

அன்றைக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்ப்பதால் எண்களெல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். மாகாணம் முழுவதும் 93.80 சதவிகிதம் தேர்ச்சி. பெண்கள் 95.88, பையன்கள் 91.74. 'இந்த வருஷமும் பெண்களே முந்தினர்' என்று தலைப்புப் போட்டுப் போட்டு எங்கள் ஆசிரியருக்கு அலுத்துவிட்டது; எனக்கு மட்டும் இன்னும் அலுக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் பிளஸ் டூ. மொத்தம் 95.03; அரசாங்கப் பள்ளிகள் மட்டும் தனியாக 91.94.

வீடு திரும்பியபோது மாடிப்படியில் எங்கள் குடியிருப்பு மகாநாடு கூடியிருந்தது.

"பார்த்தீங்களா, கவர்ன்மென்ட் ஸ்கூல்தான் சதவிகிதத்தையே கீழே இழுக்குது" என்றார் எதிர் வீட்டு அம்மாள்.

"ஆமாம், ஆமாம்" என்று நானும் தலையாட்டினேன். பேனா பிடிக்கிறவர்களுக்குத் தலையாட்டும் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

உள்ளே எங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் அக்கா குழாயடியில் இருந்தார். மகாநாட்டுத் தீர்மானம் அவர் காதில் விழுந்ததோ என்னவோ தெரியாது. வேலை முடிந்து புறப்படும்போது, புடைவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா. பாஸுன்னு பொண்ணு சொல்லிச்சு. நல்ல மார்க்கா?"

ஐந்நூற்றுக்கு 412.

"ரொம்ப நல்ல மார்க் அக்கா!" என்றேன். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவருடைய பெண் அந்தப் பத்து நிமிஷ நடைப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு அது நடந்து போகும் தூரமும் அல்ல. அவர்கள் குடியிருந்தது சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரை ஓரம். 2015 டிசம்பர் வெள்ளம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நாம் மாடிக்கு ஏறினோம், மின்சாரம் இல்லை என்று அலுத்துக்கொண்டோம். ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கோ வெள்ளம் வடிந்தும் வீடு மிஞ்சவில்லை. பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். அவர்களில் இவர்களும் சேர்த்தி. பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் நடந்த காரியம். பிள்ளைகளின் பெயர் இங்கே, வீடு அங்கே. பெரிய பையன் அப்போது பத்தாவது. வெள்ளத்தில் போன புத்தகத்துக்குப் பதிலாகச் சர்க்கார் புதுப் புத்தகம் கொடுத்தது. அதைத் தூக்கிக்கொண்டு தினமும் அவ்வளவு தூரம் வரத்தான் அவனால் முடியவில்லை. இன்றைக்குக் கட்டடங்களில் டைல்ஸ் ஒட்டுகிறான்.

நகரத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று நாம் பேசுகிறோம். 2000-த்துக்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வரிசையாக ஏழைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால், உள்ளே இருக்கும் பெஞ்சுகளில் யார் வந்து உட்காருவார்கள்?

பெண்ணை ஒரு சின்ன இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டிருந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தது, வீட்டு வேலை நின்றது, பீஸ் நின்றது. அந்த வருஷம் எத்தனையோ வீடுகளில் நடந்ததுபோல் இவளும் அரசாங்கப் பள்ளிக்கு வந்தாள், ஆறாம் வகுப்பில். 2021 மே முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. தாயும் பெண்ணும் விடியற்காலையில் ஒரே பஸ்ஸில் புறப்பட்டு, தாய் எங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கும் பெண் தன் புத்தகத்துக்குமாகப் பிரிவார்கள். பள்ளி மணி அடிக்கும் வரையில் அவள் எங்கே உட்கார்ந்து படித்தாள் என்று நான் கேட்டதில்லை. மாடிப்படியில்தான் என்று பிறகு தெரிந்தது. அதே மகாநாட்டு மாடிப்படி.

இப்போது அந்த 91.94-ஐ எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். என் பிள்ளையைச் சேர்க்கப் போனபோது அவனையும் கேள்வி கேட்டார்கள், என்னையும் இவரையும்கூடக் கேட்டார்கள். அப்படிப் பரீட்சித்துச் சேர்க்கக் கூடாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. "சும்மா பேசிப் பார்க்கிறோம்" என்றார்கள். நாங்களும் சும்மா வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் உறவில் ஒரு பையனை, கணக்கு வரவில்லை என்று ஒன்பதாவது முடிந்ததும் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அவன் போய்ச் சேர்ந்தது ஓர் அரசாங்கப் பள்ளியில். ஒரு பள்ளி தனக்கு வேண்டாததைக் கழிக்கிறது. இன்னொரு பள்ளி கழித்ததையெல்லாம் கூட்டிக்கொள்கிறது. பிறகு இரண்டு பேருடைய சதவிகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்கிறோம். அச்சடிப்பவள் நானேதான்.

என் அம்மா தியாகராய நகரில் படித்த காலத்தில், குமாஸ்தா வீட்டுப் பெண்ணும் தோட்டி வீட்டுப் பெண்ணும் ஒரே வகுப்பு என்று சொல்வாள். அந்த நகருக்குப் பெயர் கொடுத்த தியாகராயச் செட்டியார்தான் 1920-ல் ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு போட வைத்தார். 1956-ல் காமராஜ் அதை ஊரெங்கும் கொண்டுபோனார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், 2022-ல் காலை டிபனும் வந்தது. சாப்பாடு வர வர நம்மைப் போன்றவர்கள் எழுந்து போய்விட்டோம். நாம் போனதற்குச் சாப்பாடு காரணமல்ல, இங்கிலீஷ்தான். 2012-க்குப் பிறகு அரசாங்கப் பள்ளிகளிலும் இங்கிலீஷ் வகுப்புகள் வந்தன, போனவர்கள் திரும்பவில்லை. 2011-ல் ஈரோட்டுக் கலெக்டர் ஆனந்தகுமார் தம் பெண்ணை அரசாங்கப் பள்ளியில் சேர்த்தபோது பத்திரிகைகளெல்லாம் எழுதின. வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில் ஒருவர் குழந்தையைச் சேர்த்தால் அது செய்தி!

பிளஸ் ஒன்னுக்குப் பாரம் பூர்த்தி செய்ய, "கூட வாம்மா, எனக்கு எழுத்து வராது" என்று அக்கா கூப்பிட்டார். போனேன். ஆறு வருஷமாகத் தாண்டிப் போகிற வாசலுக்குள் அன்றுதான் முதல் தடவை நுழைந்தேன். வேப்பமரம், சிமெண்டு மேடை, கோலப்பொடியில் போட்ட ஏதோ ஒரு பூகோளப் படம். எங்களுக்கு முன்னால் ஒரு நேபாள வாட்ச்மேன் தம் மகனுடன் நின்றார். மகன் தமிழில் பேசி, அப்பாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் குரூப்பும்மா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"பயாலஜி" என்றாள் பெண், அவசரமாக. ஆறிலிருந்து அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவிகித ஒதுக்கீடு 2020-ல் வந்ததும், கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு என்பதும் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"பக்கத்தில்தான். பத்து நிமிஷம்."

"குழந்தை எங்கே படிக்கிறது?"

பெயரைச் சொன்னேன்.

"நல்ல ஸ்கூல்" என்று சொல்லிவிட்டு, பாரத்தில் முத்திரை குத்தினார். கிண்டலாகத் தெரியவில்லை. கிண்டலாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாப்பில் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தம்பி ஆறாவது வந்ததும் இங்கேயே போட்டுடும்மா. காலையில நானே கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து விடறேன்" என்றார்.

நல்லவேளையாக அதற்குள் பெரும்பாக்கம் பஸ் வந்துவிட்டது.