விற்றே ஆகவேண்டியவர் யார்?

2009 ஏப்ரல் 30-இல் கிரைஸ்லர் திவால் மனு கொடுத்தது. ஜூன் 1-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்தது. அப்போது நான் டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேன்டனில் குடியிருந்தேன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த என்னைக் கார்த் தொழில்தான் மிச்சிகனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தத் தொழில் தள்ளாடியபோது ஒரு வட்டாரத்தின் வீட்டு விலை எப்படிச் சரியும் என்பதைத் தெருத்தெருவாகப் பார்த்தேன். டெட்ராய்ட் வட்டாரத்தில் விலை உச்சத்திலிருந்து கிட்டத்தட்ட பாதியாக விழுந்தது.

இதைச் சொல்லக் காரணம் என் அக்கா மகன். ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். போன் போட்டால், "மாமா, மந்தம் வருதுன்னு சொல்றாங்களே, மனை வெல எறங்குமா? இப்பவே வாங்கிடட்டா, பொறுத்துப் பாக்கட்டா?" என்றுதான் கேட்கிறான். பொருளாதாரம் சரிந்தால் நிலமும் மலிவாகும், அப்போது நமக்கும் ஒரு வழி பிறக்கும் என்பது அவனுடைய நம்பிக்கை. இதே நம்பிக்கை ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை எங்கும் வாடகை வீட்டிலிருக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மிச்சிகனில் விலை விழுந்ததற்கு மந்தம் மட்டும் காரணமில்லை. அங்கே பெரும்பாலான வீடுகள் கடனில் நிற்பவை. தவணை நின்றால், கோர்ட்டுக்குப் போகாமலேயே பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஏலம் விட வங்கிக்குச் சட்டம் இடம் தருகிறது. ஏலத்துக்குப் பிறகு வீட்டை மீட்கப் பொதுவாக ஆறு மாத அவகாசம் உண்டு. வேலை இல்லாதவர் எதைக் கொண்டு மீட்பார்? வங்கிக்கு வீடு தேவையில்லை, பணம்தான் தேவை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும். அந்த விலைதான் பிறகு அந்தத் தெருவுக்கே விலை. ஒழுங்காகத் தவணை கட்டியவரின் வீடும் அவர் வாங்கிய கடனைவிட மதிப்புக் குறைந்து நின்றது.

சொத்து வரி இன்னொரு பக்கம் நெருக்கியது. மூன்று ஆண்டு வரி பாக்கியிருந்தால் வீட்டைக் கவுண்டி நிர்வாகமே எடுத்துக்கொள்ளும். டெட்ராய்ட் அடங்கிய வெய்ன் கவுண்டியில், முதல் ஏலத்தில் போகாத வீடுகளுக்கு இரண்டாம் ஏலத்தின் தொடக்க விலை அன்று 500 டாலர். எச்1பி விசாவில் இருந்த நம்மவர்கள் நிலை இன்னும் மோசம். வேலை போனால் 60 நாள் தங்கலாம் என்ற அவகாசம் 2017-இல்தான் வந்தது. அன்று அதுவும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, சோபாவையும் கட்டிலையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய குடும்பங்களை நான் அறிவேன்.

2020-இல் அதே மிச்சிகனில் நேர்மாறாக நடந்தது. மார்ச்சில் மூன்று பெரிய கார்க் கம்பெனிகளும் ஆலைகளை மூடின. ஏப்ரலில் நாட்டின் வேலையின்மை 14.7 சதவீதத்தைத் தொட்டது. 2009-இல்கூட அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் வீட்டு விலை விழவில்லை. சில மாதங்களில் ஏறவே தொடங்கியது. மார்ச் கடைசியில் வந்த நிவாரணச் சட்டம், அரசு ஆதரவு பெற்ற வீட்டுக் கடன்களுக்குத் தவணையை ஆறு மாதமும், கேட்டால் மேலும் ஆறு மாதமும் தள்ளிப்போட உரிமை கொடுத்தது. வட்டியும் இறங்கியது. வீட்டை விற்றே ஆகவேண்டிய நெருக்கடி பெரும்பாலோருக்கு வரவில்லை. விலையை இறக்குவது கட்டாய விற்பனை. மந்தம் அதைக் கொண்டுவந்தால் விலை இறங்கும், கொண்டுவராவிட்டால் இறங்காது.

இந்தக் கண்ணோடு எங்கள் ஊரைப் பார்க்கலாம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் மூடப்பட்டது. அதே வளாகத்திலிருந்த பாக்ஸ்கான் ஆலையும் அடுத்து உற்பத்தியை நிறுத்தியது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2017 ஜூனில் அரசே வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக்கியது. மூன்றே ஆண்டுகளுக்குள் இத்தனை அடி விழுந்தும் மனை பாதி விலைக்கு வந்துவிடவில்லை. வாங்க ஆள் இல்லை, விற்பவரும் இறங்கி வரவில்லை. கிரயம்தான் நின்றுபோனது.

காரணம் எளியது. எங்கள் பக்கத்து லேஅவுட்டுகளில் மனை வைத்திருப்பவர்களில் பலர் கடனில் வாங்கியவர்கள் அல்லர். சேமிப்பைப் போட்டவர்கள், பூர்வீக நிலத்தை விற்ற பணத்தில் வாங்கியவர்கள், சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் சம்பாதித்து அனுப்பியவர்கள். மிச்சிகனில் வீட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டாலர் வரி கட்டவேண்டும். இங்கே காலி மனையைக் கல் நட்டுப் போட்டு வைக்கச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. பத்து வருடம் காத்திருப்பார்கள். மந்தக் காலத்தில் ரூபாயும் சரிவதால் வெளிநாட்டுப் பணத்துக்கு வலு கூடிவிடுகிறது. 2008 தொடக்கத்தில் 39 ரூபாய்க்கு அருகிலிருந்த டாலர், 2009 மார்ச்சில் 50-ஐத் தாண்டியது. உள்ளூர்த் தொழிலாளி கையைச் சுருக்கும் நேரத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அதே மனை மலிவாகத் தெரிகிறது. அவன் காத்திருக்கும் விலை இறக்கத்தைத் தடுப்பதில் எங்கள் டாலருக்கும் பங்குண்டு. புலம்பெயர்ந்தவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் மந்தத்தின் அடி நிலத்தின் மேல் விழாமல் ஆட்கள் மேல் விழுந்தது. நோக்கியா சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்கள் விருப்ப ஓய்வுத் தொகையிலிருந்து தவணை கட்டினார்கள். ஷேரிங் ரூம்கள் காலியாயின. நகையை வைத்து லைன் வீடு கட்டியவர்களுக்கு வாடகை நின்றது, வட்டி நிற்கவில்லை. 2019-இல் அந்த நோக்கியா ஆலையைச் சால்காம்ப் என்ற கம்பெனி வாங்க முன்வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் உற்பத்தியும் தொடங்கியது. காத்திருந்த நிலம் பிழைத்துக்கொண்டது. 2014-இல் இருபத்தைந்து வயதாக இருந்தவருக்கு அந்த ஐந்து வருடம் யார் திருப்பிக் கொடுப்பார்?

ஆகவே மருமகனுக்கு என் பதில் இது. விலை இறங்கும் என்று காத்திருக்காதே. நம் பக்கத்தில் அது இறங்காமலே நிற்கும். இறங்கினாலும் அன்று உன் வேலை இருக்குமா என்பதுதான் கேள்வி. டெட்ராய்ட்டில் வீடு 500 டாலருக்கு ஏலம் போனபோது, அதை வாங்க வேலை இழந்தவரிடம் பணம் இல்லை. கான்ட்ராக்டில் இருக்கும்வரை பெரிய கடன் வேண்டாம். ஓராண்டுத் தவணை கையில் சேர்ந்த பிறகு, ஒரே கம்பெனியின் ஓவர்டைமை நம்பாமல், அடிப்படைச் சம்பளத்தில் அடங்கும் வீட்டை வாங்கு. அங்கீகாரம் இல்லாத மனை எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதே.

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. 2020-இல் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆலை மூடப்படும் வட்டாரத்துக்கும் அப்படி ஓர் அவகாசம், வட்டிச் சலுகையோடு, சட்டமாகவே இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். அடுத்து, குடும்பத்தோடு வாழ நியாய வாடகை வீடுகள் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வரவேண்டும். கார் செய்பவனுக்கு ஆலை வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு வீடு கிடைக்க, நாடு ஒரு மந்தத்தில் விழவேண்டும் என்று அவன் எதிர்பார்க்கும் நிலை மாறவேண்டும்.